தீர்த்தம் காய்ந்த கார்

காரைப் புளி போட்டு விளக்கிய ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ இருக்கிறேன். பித்தளைச் செம்புக்கும் நாலு சக்கர வண்டிக்கும் வித்தியாசம் தெரியாத வயது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. வித்தியாசம் நன்றாகத் தெரிந்துதான் செய்தேன். அதற்கு முன்னால் அதே காருக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் உப்புத் தண்ணீர் தெளித்திருக்கிறேன். எண்ணெய், உப்பு, புளி என்று சேர்த்துச் சொன்னால் காரை வைத்துக் குழம்பு கூட்டியவன் மாதிரி இருக்கிறதல்லவா? என் சித்தப்பா அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். கல்யாண வீடுகளில் புது ஆட்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது, "மொளகாப்பொடி ஒண்ணுதான் பாக்கி வச்சான்" என்பார். கேட்பவர்கள் என்னை ஹோட்டல்காரன் என்று நினைத்துக்கொண்டு, கடை எங்கே என்று விசாரிப்பார்கள்.

கார் அப்பாவுடையது. கறுப்பு. அப்பா கத்தாரில் இருந்தார். அங்கே ஒரு பட்டறையில் அடுத்தவர்களுடைய கார்களைக் கழுவி மெழுகு பூசிப் பளபளப்பாக்குவது அவர் வேலை. விடுமுறையில் வந்தவர், புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்த காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். எதற்குக் கறுப்பு, அழுக்குத் தெரியுமே என்று அம்மா கேட்டாள்.

"வெள்ளைய எவனும் வச்சுக்கலாம். கறுப்ப வச்சுக் காப்பாத்தத்தான் ஆளு வேணும்" என்றார் அப்பா.

அந்த ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. சித்தப்பா கீரனூரில் இருந்தார், நினைத்தபோது வருவார். மிச்சம் இருந்தது நான். எனக்கு ஒன்பது வயது. ஸ்டியரிங்குக்கு மேலே என் தலை தெரியாது.

நாங்கள் இருந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். குளத்தூரிலிருந்து குன்றாண்டார்கோவில் போகிற பாதையில், ஊரை விட்டுத் தள்ளி, அப்பா அனுப்பியதில் கட்டிய புது வீடு. ஊருக்குள் தெருவில் இருந்தபோது சண்டை போடவாவது பக்கத்து வீடு இருந்தது. இங்கே பக்கத்து வீடு என்று சொல்ல இருந்தது கல் உடைக்கிற கிரஷர்தான். அது காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். அது அரைத்துவிடும் வெள்ளைத் தூசி எங்கள் வீட்டு மாடி, துணிக்கொடி, தட்டில் போட்ட சோறு என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியில் காரின் மேல் வந்து உட்காரும். உலகத்தில் கறுப்புக் காருக்கு ஆகாத இடம் என்று ஒன்று தேடினால் எங்கள் வாசலைத்தான் காட்டுவார்கள்.

அப்பா திரும்பிப் போகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. காரை மந்திரித்துவிட்டுத்தான் ஏர்போர்ட்டுக்கு எடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நாங்கள்; மாடு வாங்கினாலும் மோட்டார் வாங்கினாலும் முதலில் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டுவோம். பூசை முடிந்ததும் கார் கோயில் வாசலில் நின்றது. கோயில் கோபுரமும் சிலுவையும் பானெட்டுக்குள் தலைகீழாகக் கிடந்தன. சாமியார் கழுத்தில் பட்டையைப் போட்டுக்கொண்டு ஜெபம் சொன்னார். தீர்த்த வாளியோடு உபதேசியார் பக்கத்தில் நின்றார். எங்கள் சாமியார் தீர்த்தம் தெளிப்பதில் கஞ்சத்தனம் இல்லாதவர். அவர் பூசைக்கு முன்வரிசையில் உட்காருபவர்கள் துண்டு கொண்டுவருவார்கள்.

அவர் கையை ஓங்கியதும் எல்லோரும் விலகினோம். அப்பா மட்டும் டிரைவர் பக்கக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.

"தெளிக்கிறது காருக்குங்க. நீங்க கொஞ்சம் அங்கிட்டு நகருங்க" என்றார் சாமியார்.

"எனக்கும் சேத்தே தெளிச்சு விடுங்க சாமி. போகப் போறவன் நானு. இது இங்கனயேதான நிக்கப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டாள். சாமியார் காரைச் சுற்றி வந்து தெளித்தார். அப்பா நின்ற பக்கம் வந்ததும் இன்னும் ஒரு பிடி கூடவே வீசினார். அப்பாவின் மீசையிலிருந்து சொட்டியது. சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்துபோயிற்று. சித்தப்பா துண்டை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போனார். "மந்திரிச்ச தண்ணி. அது பாட்டுக்குக் காயட்டும்" என்று அம்மா தடுத்தாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. காய்ந்துவிட்டது.

திருச்சி ஏர்போர்ட்டில் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

"காரப் பாத்துக்கப்பா. பாஸ்காவுக்கு வருவேன். வந்து பாக்கையில என் மூஞ்சி அதுல தெரியணும்."

ஈஸ்டரைத்தான் நாங்கள் பாஸ்கா என்போம். சொல்லிவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. பெரியவர்கள் சொல்வதில் எதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு எப்போதுமே குழப்பம்தான். அப்பா சொன்னதை நான் எடுத்துக்கொண்டது இப்படி: காரில் முகம் தெரிந்தால் வருவார், தெரியாவிட்டால் வரமாட்டார். இதை வேறு யாரிடமாவது கேட்டுச் சரிபார்த்திருக்கலாம். கிரஷரிடம் எங்கே கேட்பது?

மறுநாள் காலையில்தான் பார்த்தேன். தீர்த்தத் துளி காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, அவ்வளவு உப்பு. போதாததற்குச் சாமியார் மந்திரித்த உப்பு வேறு அதில் ஒரு பிடி போடுவார். பானெட்டில், கூரையில், நாலு பக்கக் கதவுகளில் என்று எங்கும் புள்ளி சிதறிக் கிடந்தது. டிரைவர் பக்கக் கதவில் மட்டும் ஓரங்களில் இருந்ததே தவிர, நடுவில் ஒன்றும் இல்லை. சோப்புப் போட்டேன், போகவில்லை. நகத்தால் சுரண்டப் போனேன். பின்னால் வந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல கைய வைக்காத. அது இருக்கட்டும்."

"அப்பா மூஞ்சி தெரியணும்னு சொன்னாங்க."

"அவரு ஆயிரம் சொல்லுவாரு."

அப்பா வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார். அங்கே அன்றுதான் விடுமுறை. அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல்வார். எனக்கும் அவருக்கும் பேசிக்கொள்ள இருந்தது ஒரே விஷயம்தான். பள்ளிக்கூடத்தைப் பற்றி அவருக்குக் கேட்கத் தெரியாது, பாலைவனத்தைப் பற்றி எனக்குக் கேட்கத் தெரியாது. ஆகவே கார். வறண்ட துணியால் துடைக்கவே கூடாது. தூசி மணல் மாதிரி அறுத்துவிடும். கறுப்பில் ஒவ்வொரு கீறலும் சிலந்தி வலை மாதிரி வெயிலில் தெரியும். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கிவிட வேண்டும். பிறகுதான் துணி, அதுவும் அவர் விட்டுப்போன மஞ்சள் துணி. மேலிருந்து கீழே வர வேண்டும். வெயிலில் கழுவக் கூடாது. தண்ணீர் தானாகக் காய விடக் கூடாது, ஒற்றி எடுத்துவிட வேண்டும். கடைசியில், "கறை ஏதும் இல்லியே?" என்பார். பக்கத்தில் நிற்கும் அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். "இல்லப்பா" என்பேன். புள்ளியைப் பற்றிச் சொல்லிவிட்டால், அதைப் போக்க அவர் ஏதாவது வழி சொல்லிக் கொடுத்துவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். அங்கே அப்பா யார் யாருடைய கார்களையோ கழுவிக்கொண்டிருந்தார். இங்கே நான் அவருடையதைக் கழுவிக்கொண்டிருந்தேன். நடுவில் கடல்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்னோடு விளையாட ஆள் கிடையாது. ஊருக்குள் போனால் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும், ஒற்றைப் பிள்ளை என்று அம்மா விடமாட்டாள். கழுவி முடித்த காரின் இடது பக்கக் கதவில் ஒரு பையன் இருந்தான். கறுப்பாக, கொஞ்சம் அகலமாக, வயிறு தள்ளி, முகத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருப்பான். இடது கைக்காரன். அவனோடு நான் கல்லா காகிதமா கத்தரிக்கோலா விளையாடுவேன். பல மாதங்கள் விளையாடியும் இரண்டு பேரில் ஒருத்தரும் ஜெயிக்கவில்லை. தூசி படிந்தால் அவன் காணாமல் போய்விடுவான். அதனால் காரைத் தினமும் கழுவினேன். பொறுப்பான பிள்ளை என்று அம்மா ஊருக்குள் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

எண்ணெய் விவகாரம் அப்போதுதான் நடந்தது. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்தால் என் மண்டை பளபளக்கிறது. காருக்கு வைத்தால் என்ன? தேங்காயெண்ணெயை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பானெட்டில் ஆரம்பித்து, இடது பக்கம் முழுக்கத் தேய்த்தேன். அடேயப்பா, என்ன மினுமினுப்பு! கதவுப் பையன் அன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளை போல இருந்தான். அவன் மினுக்கெல்லாம் மத்தியானம் வரைதான். கிரஷர் தூசி அவ்வளவும் அந்த எண்ணெயில் அப்பிக்கொண்டது. சாயங்காலம் வந்த சித்தப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கார் எங்கடா? இந்த யானைய எவன் கொண்டாந்து கட்டுனது?"

அம்மா ஓடிவந்து பார்த்தாள். அடி விழும் என்று தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "அந்தப் பக்கமும் தேச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

"அந்தப் பக்கத்துக்கு எண்ணெ பத்தலம்மா."

அம்மா பெருமூச்சு விட்டாள். எண்ணெய் மிச்சமாயிற்றே என்றுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மயில் வந்தது. விராலிமலைப் பக்கத்திலிருந்து மயில்கள் எங்கள் காட்டுக்கு வரும். அதில் ஒரு ஆண் மயில், இடது கதவில் இருந்த என் கூட்டாளியைக் கண்டுகொண்டது. அதாவது, அது போய் நின்றால் அங்கே அதற்கு ஒரு மயில் தெரிந்தது. எனக்குத் தெரிந்தவனோடு நான் விளையாடினேன். அதற்குத் தெரிந்தவனோடு அது சண்டைக்குப் போயிற்று. டொக் டொக் என்று கொத்திக் கதவில் இரண்டு மூன்று கீறல் போட்டுவிட்டது. நான் விளக்குமாற்றோடு விரட்டினேன். அது போய் வேலி மேல் உட்கார்ந்துகொண்டு, நான் பள்ளிக்கூடம் போகும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. இந்தச் செய்தியைப் போனில் சொன்னபோது அப்பா வெகுநேரம் சிரித்தார். அவர் சிரிப்பு முழுசாக என் காதில் விழுந்தது அந்த வெள்ளிக்கிழமைதான். சிரித்து முடித்துவிட்டு, "மயிலு ஆடுச்சாப்பா?" என்று கேட்டார். "இல்லப்பா, கொத்துச்சு" என்றேன். கொஞ்ச நாளில், விடுமுறைக்கு வந்த அவர் கூட்டாளி ஒருவர் கையில் காருக்கு முழு உறை ஒன்று வந்து சேர்ந்தது.

உறை போட்ட பிறகு ஒன்று கவனித்தேன். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அம்மா காருக்குப் போவாள். டிரைவர் பக்கத்தில் உறையின் ஓரத்தைத் தூக்கி, கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சில நேரம் கை வைத்துப் பார்ப்பாள். சில நேரம் முன்தலை முடியை ஒதுக்கிக்கொள்வாள். புள்ளி இல்லாத சுத்தமான இடம் அதுதான், முகம் நன்றாகத் தெரியும். அம்மாவுக்கு அழகு பார்க்கிற ஆசை வந்துவிட்டது என்று நான் கண்டுபிடித்தேன்.

"வீட்டுக்குள்ள கண்ணாடி இருக்குல்லம்மா?"

"போடா. இங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு."

உறையைத் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருட்டாகத்தானே இருக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த வயதில் மற்றவர்களைக் கேலி செய்யக் கற்றிருந்தேனே தவிர, யோசிக்கக் கற்றிருக்கவில்லை. இப்போதும் அதே கதைதான் என்று என் மனைவி சொல்வாள்.

தவக்காலம் வந்தது. பாஸ்காவுக்கு வருகிறேன் என்று அப்பா உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆவூர்த் தேருக்குக் காரிலேயே போகலாம், உன்னை முன் சீட்டில் உட்கார வைக்கிறேன் என்று எனக்குத் தனியாகச் சொன்னார். அம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புதுப் பாய் வாங்கினாள். என் கவலையெல்லாம் அந்தப் புள்ளிகள்தான். கதவுப் பையனின் முகத்தையே பார்த்திருந்தேனே, அப்பா வந்து குனிந்து பார்த்தால் அம்மை போட்டவர் மாதிரி தெரிவார். முகம் தெரியணும் என்றாரே, இந்த முகத்தையா சொன்னார்? மந்திரித்த தண்ணீர், கையை வைக்காதே என்கிறாள் அம்மா. முகம் தெரியாவிட்டால் அப்பா வரமாட்டார் என்கிறது என் மூளை. தவக்காலம் முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாஸ்காவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா கோயிலுக்குச் சிலுவைப்பாதைக்குக் கிளம்பினாள். எனக்கு வயிற்றுவலி வந்தது. அவள் தலை மறைந்ததும் வலியும் மறைந்தது. பித்தளைச் செம்பில் இதே மாதிரி உப்புக்கறை படிந்தால் அம்மா புளி போட்டுத்தான் விளக்குவாள். அடுக்களையிலிருந்து ஒரு உருண்டை புளியை எடுத்துக் கரைத்து, அப்பாவின் பழைய பனியனில் நனைத்து, ஒரு புள்ளியின் மேல் வைத்துத் தேய்த்தேன். போய்விட்டது! அப்படியே கரைந்து போய்விட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கூரைக்கு நாற்காலி போட்டு ஏறினேன். பானெட், நாலு பக்கக் கதவுகள், டிரைவர் கதவின் ஓரங்கள் என்று ஒன்று விடாமல் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றி, மஞ்சள் துணியால் ஒற்றி எடுத்தேன். புளி நார் போட்ட கீறல் கொஞ்சம் இருந்தது, அது வெயிலில் பார்த்தால்தானே? கார் கண்ணுக்குள் நிற்கிற கறுப்பாக நின்றது. கதவுப் பையனுக்கு முகம் தெளிந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். உறையை மாட்டினேன்.

அம்மா வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் "சரிங்க". போனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"லீவு இல்லன்னுட்டாங்கப்பா" என்றார் அப்பா. "அடுத்த வருசம் பாத்துக்குவோம். கார் எப்புடி இருக்கு?"

"பளபளன்னு இருக்குப்பா. மூஞ்சி தெரியுது."

"நல்ல பய" என்றார்.

அன்று அம்மா காரிடம் போகவில்லை. அடுப்பும் பற்ற வைக்கவில்லை. காலையில் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டேன். மத்தியானம் மந்திரித்த தீர்த்தத்தைத் துடைத்தேன். சாயங்காலம் லீவு இல்லை என்று போன் வருகிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? முகம் தெரிந்தால் அப்பா வருவார் என்று நினைத்தேனே, அவர் வருவது அந்தப் புள்ளிகளில் அல்லவா இருந்திருக்கிறது! அதைத்தானே அம்மா காத்துக்கொண்டிருந்தாள்! அவரைக் கத்தாரிலேயே நிறுத்தி வைத்தது அவருடைய முதலாளி இல்லை, நான்தான். இதை யாரிடமும் சொல்ல முடியாது. கதவுப் பையனிடமும் சொல்ல முடியாது, அவனும் கூட்டு.

மறுநாள் சனிக்கிழமை. சைக்கிளில் தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வாசலில் கைநனைக்க வைத்திருக்கும் தீர்த்தத் தொட்டியில் பாட்டிலை முக்கினேன். அது குடுகுடுவென்று ஊர் கேட்கிற மாதிரி குடித்தது. உபதேசியார் வந்துவிட்டார்.

"எதுக்குடா இம்புட்டுத் தீர்த்தம்? வீட்டுல பேய் பிசாசு நடமாட்டமா?"

"வீட்டுல இல்லைங்க. கார்ல."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு வழிவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். தொட்டித் தீர்த்தம் பல பேர் கை பட்டுச் சக்தி குறைந்திருக்குமோ என்ற சந்தேகத்தில், அடுக்களை உப்பை இரண்டு கை அள்ளிப் போட்டுக் குலுக்கினேன். வேப்பங்குழையை முக்கிச் சாமியார் மாதிரியே காரைச் சுற்றி வந்து தெளித்தேன். அவர் சொன்ன ஜெபத்தில் கடைசி 'ஆமென்' மட்டும்தான் எனக்குப் பாடம். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு 'ஆமென்' போட்டேன். சாமியார் செய்ததைவிட நன்றாகவே செய்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் முதல் தடவை டிரைவர் பக்கக் கதவின் நடுவில் அவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருந்தார். ஆசீர்வாதத்தில் இருந்த ஓட்டை அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து, அந்தக் கதவுக்கு மட்டும் மீதிப் பாட்டிலைக் காலி பண்ணினேன். பங்குனி வெயில் கொஞ்ச நேரத்தில் காய வைத்துக் கொடுத்தது. வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பூத்து வந்தன. உறையை மாட்டிவிட்டு, அப்பாவுக்கு லீவு கொடுக்கச் சொல்லி முழங்காலில் நின்று ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

சாயங்காலம் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் காருக்குப் போனாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். டிரைவர் பக்கம் உறையைத் தூக்கினாள். அப்படியே நின்றாள். உறையை இன்னும் மேலே தூக்கினாள். பிறகு மொத்தமாக உருவிக் கீழே போட்டாள். கதவில் கையை வைத்து மேலிருந்து கீழே தடவினாள், இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரி.

நான் வெளியே ஓடினேன்.

"எல்லாம் இருக்கும்மா. ஒண்ணுகூடக் கொறையல. மின்னவிட இப்பதான் நெறையா இருக்கு, பாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று பார்த்தால், அங்கேயே சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். கிரஷர் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் கேட்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. கூட்டத்துக்கு ஆள் சேர்த்தேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "வா, சாப்பிடு" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா காரிடம் போகவே இல்லை. தூசி படிந்ததா, மயில் கொத்தியதா என்று எதுவும் கேட்கவில்லை. சாமியார் தெளிக்காத தீர்த்தம் செல்லாது என்று கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அடுத்த வருடம் வந்தார். உறையை எடுத்துக் காரைச் சுற்றி ஒரு நடை வந்தார். முகம் தெரிகிறதா என்று குனிந்தெல்லாம் பார்க்கவில்லை, அப்படிச் சொன்னதே அவருக்கு மறந்துபோயிருந்தது. புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணிக் கறைடா இது" என்று பையிலிருந்து ஏதோ ஒரு டப்பாவை எடுத்தார். ஒரே பொழுதில் எல்லாவற்றையும் போக்கி, மெழுகு பூசி, மயில் கீறலையும் மங்கலாக்கிவிட்டார். நான் நடுங்கிப்போய் அம்மாவைப் பார்த்தேன். போன வருடம் ஒரு புள்ளியில் நகம் வைக்க விடாதவள், இப்போது காபியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் துடைப்பதைச் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்களைப் புரிந்துகொள்ள முடியாது என்று பத்து வயதில் முடிவு கட்டியவன் நானாகத்தான் இருப்பேன்.

அப்பா மறுபடி போனார், மறுபடி வந்தார், மறுபடி போனார். நடுவில் ஏதோ ஒரு வருடம் கார் கைமாறிப் போயிற்று. கதவுப் பையனிடம் நான் சொல்லிக்கொண்டு வரவில்லை. இப்போது நான் திருச்சியில் இருக்கிறேன், வெள்ளைக் கார் வைத்திருக்கிறேன். ஊருக்கு வந்து நிறுத்தினால், "எவனும் வச்சுக்கலாம்" என்று அப்பா முணுமுணுப்பார். அவர் வேலையை விட்டு வந்து சில வருடம் ஆகிறது. பகல் முழுக்க வாசல் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "செத்த அங்கிட்டு நகருங்க, கூட்டணும்" என்று அம்மா நாளுக்குப் பல தடவை விரட்டுகிறாள். அவர் நகர்வதில்லை. அவள் அவரைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போகிறாள்.

போன மாதம் ஊருக்கு வந்திருந்த சித்தப்பா, என் பிள்ளைகளை உட்கார வைத்துக் குழம்புக் கதையை மறுபடி எடுத்தார். எண்ணெய், புளி, உப்பு. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், "சாமியார் வச்சதவிட ரெண்டு மடங்காத் திருப்பி வச்சுக் குடுத்தேன், ஒரு எடம் விடல. அதுக்கு ஒரு நல்ல வார்த்த இல்ல, ஒக்காந்து அழுதா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன்.

அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உங்கப்பா நின்ன எடத்துலயும் தெளிச்சுட்டியேடா."